புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் ஸ்கிரீன் மினுங்குதா? கார்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி கேபிளைக் கழட்டுங்க

நீங்க சொன்னதைச் சுருக்கினா இவ்ளோதான்: பத்து வருஷப் பழைய கார்டு, அதுல 1440பி மானிட்டரை 60 ஹெர்ட்ஸ்லயே (செகண்டுக்கு 60 தடவை படம் மாத்துற வேகம்) ஓட்டிட்டு இருந்தீங்க, ஒரு தொந்தரவும் இல்ல. புது கார்டு வாங்கி, அதே பழைய டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை அப்படியே சொருகி, 165 ஹெர்ட்ஸுக்கு ஏத்தினீங்க. அன்னைலேர்ந்து ஒரு மணி நேரத்துல நாலஞ்சு தடவை ஸ்கிரீன் ஒரு செகண்டு ரெண்டு செகண்டு கருப்பாகித் திரும்ப வருது, கேம் ஆடினாலும் சரி சும்மா டெஸ்க்டாப்புல உக்காந்திருந்தாலும் சரி. விண்டோஸை ரெண்டு தடவை அழிச்சுப் போட்டாச்சு, டிரைவர் மூணு வெர்ஷன் மாத்திப் பாத்தாச்சு, கடையில ஒருத்தர் கார்டு ஃபால்ட்டுங்கறாரு இன்னொருத்தர் எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் குடுக்குற பெட்டி) பத்தலங்கறாரு. கடைசியா, நாற்காலிலேர்ந்து எந்திரிச்சப்ப ரெண்டு தடவை கருப்பாச்சுன்னு ஒரு வரி எழுதிட்டு "சிரிக்காதீங்க"ன்னும் போட்டிருக்கீங்க.

சிரிக்கல. மொத்தக் கேள்வியிலயும் எனக்கு ரொம்ப உதவின வரி அதுதான். ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். ஃப்ளிக்கர்னு ஒரே வார்த்தையில நாம நாலஞ்சு வேற வேற வியாதியைச் சொல்றோம். ஒருத்தருக்கு ஸ்கிரீன் முழுசா கருப்பாயி வருது, இன்னொருத்தருக்கு படம் போகல ஆனா வெளிச்சம் மட்டும் கூடிக் குறைஞ்சு துடிக்குது, இன்னொருத்தருக்கு வெள்ளைக் கோடு ஒண்ணு மின்னல் மாதிரி குறுக்கால ஓடுது, வேற ஒருத்தருக்கு பிரவுசர் மட்டும்தான் படபடக்குது, பக்கத்துல இருக்குற விண்டோ கல்லு மாதிரி நிக்குது. இதுல ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற. இதைப் பிரிக்காம "டிரைவர் மாத்து, விண்டோஸ் மாத்து, கார்டை மாத்து"ன்னு ஆரம்பிச்சா நாள்தான் போகும். அதனால கையில ஸ்க்ரூடிரைவர் எடுக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து ஸ்கிரீனைப் பாருங்க, எப்போ வருது, எவ்வளவு நேரம், முழு ஸ்கிரீனா ஒரு மூலையா, சத்தம் கட் ஆகுதா இல்லையா. போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, பின்னாடி கார்டைத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்தா அதுவும் உதவும்.

காசு செலவில்லாத மூணு சோதனை இருக்கு, இதை யாரும் செய்யுறதே இல்ல. மானிட்டர்ல இருக்குற பட்டனை அமுக்கி அதோட சொந்த மெனுவை வர வைங்க. அந்த மெனு மானிட்டரே வரையறது, கார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. படம் துடிக்கும்போது மெனுவும் சேந்து துடிச்சா மானிட்டரோட பேக்லைட் இல்லன்னா அதோட பவர் அடாப்டர்ல கோளாறு, புது கார்டு போட்ட அதே வாரம் மானிட்டர் சாகக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே. மெனு அசையாம நின்னு பின்னாடி படம் மட்டும் ஆடினா, வர்ற சிக்னல்ல பிரச்சினை. ஒரே ஒரு எச்சரிக்கை, சிக்னலே முழுசா அறுந்து போற கேஸ்ல நிறைய மானிட்டர் மெனுவையும் சேத்து அணைச்சிடும், அதை வெச்சு மானிட்டர் மேல பழி போட்டுடாதீங்க.

ரெண்டாவது, கோடு கோடா புள்ளி புள்ளியா வந்தா உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை போன்லயோ வேற கம்ப்யூட்டர்லயோ திறந்து பாருங்க. ஸ்கிரீன்ஷாட்ங்கறது கார்டோட மெமரில இருக்குற படத்தோட நகல். அதுலயும் கோடு இருந்தா தப்பு கேபிளுக்கு முன்னாடியே நடந்திருக்கு, அதாவது கார்டு, அதோட மெமரி, இல்லன்னா டிரைவர். ஸ்கிரீன்ஷாட் சுத்தமா இருந்து கண்ணுக்கு மட்டும் கோடு தெரிஞ்சா தப்பு கார்டோட போர்ட்டுக்கும் உங்க கண்ணுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீத்துடும்.

மூணாவது மைக்ரோசாஃப்டே சொல்றது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைக்கறது. மத்ததெல்லாம் மினுங்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேந்து மினுங்கினா டிஸ்ப்ளே டிரைவர் பக்கம் பாருங்க, அது மட்டும் நிதானமா நின்னா ஏதோ ஒரு ஆப் ஒத்துப் போகல. ரொம்ப நுணுக்கமான சோதனைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆரம்பத்துக்குப் போதும்.

நாலாவதா பயாஸுக்குள்ள (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) போயி பத்து நிமிஷம் விட்டுப் பாருன்னு எல்லாரும் சொல்வாங்க. அங்கயும் மினுங்கினா டிரைவர் குத்தம் இல்லங்கறது உறுதி, ஏன்னா டிரைவரே இன்னும் லோடு ஆகல. ஆனா அங்க மினுங்கல, அதனால ஹார்டுவேர் நல்லா இருக்குன்னு முடிவு கட்டுறாங்க பாருங்க, அது தப்பு. பயாஸ் ஸ்கிரீன் பொதுவா 60 ஹெர்ட்ஸ்லதான், பல சமயம் கம்மி ரெசல்யூஷன்லதான் ஓடும். மெதுவா நடக்கும்போது கால் வலிக்கலங்கறதுக்காக ஓடும்போதும் வலிக்காதுன்னு சொல்ல முடியுமா.

இப்போ உங்க கேஸுக்கு வர்றேன், இதுதான் புது கார்டு போடுறவங்கள்ல நிறையப் பேரு மாட்டிக்கறது. "கேபிள் நல்ல கேபிள்தான், நேத்து வரைக்கும் ஒழுங்காதானே ஓடுச்சு"ம்பாங்க. நேத்து வரைக்கும் அந்தக் கேபிள் கிட்ட யாரு என்ன வேலை கேட்டா? கணக்குப் போட்டுப் பாப்போம். 1440பின்னா 2560 x 1440 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 24 பிட், செகண்டுக்கு 60 தடவை. பெருக்கினா 5.3 கிகாபிட் சொச்சம். அதையே 165 தடவை அனுப்பினா 14.6 கிகாபிட், அது வெறும் படத்துக்கு மட்டும், ஃப்ரேமுக்கு நடுவுல விடுற இடைவெளியைச் சேத்தா இன்னும் கூடும். கிட்டத்தட்ட மூணு மடங்கு. இதுல டிரைவர் தானாவே 10 பிட் கலரை எடுத்துக்கிச்சுன்னா 18 கிகாபிட்டைத் தாண்டிடும்.

டிஸ்ப்ளேபோர்ட் 1.2 காலத்து வேகம் நாலு லேனும் (கேபிளுக்குள்ள டேட்டா போற பாதை) சேந்து 21.6 கிகாபிட், அதுல என்கோடிங்குக்குப் போனது போக கைக்கு வர்றது 17.28. டிஸ்ப்ளேபோர்ட் 1.4ல அதுவே 32.4, கைக்கு வர்றது 25.92. உங்க பழைய கார்டு 1.2 காலத்துது. புதுசு 1.4ஓ அதுக்கு மேலயோ. கார்டும் மானிட்டரும் முதல்ல கை குலுக்கும்போது ரெண்டு பேருக்கும் முடியுற வேகத்தைப் பேசி வெச்சுக்கும். இந்தப் பேச்சுவார்த்தைல நடுவுல இருக்குற கேபிளை யாரும் கேக்குறதே இல்ல. அது ஒரு செம்புக் கம்பி, நான் பத்து வருஷம் முன்னாடி செஞ்சவன், என்னால முடியாதுன்னு சொல்ல அதுக்கு வாய் கிடையாது. முடிஞ்ச வரைக்கும் இழுக்கும், திடீர்னு ஒரு இடத்துல தப்பு சேந்து போயி லிங்க் அறும், மானிட்டர் கருப்பாகும், திரும்பக் கை குலுக்கும், ஒண்ணு ரெண்டு செகண்டுல படம் வரும். நீங்க சொல்ற அந்த ஒரு செகண்டு கருப்பு இதுதான்.

நாற்காலி விஷயத்துக்கு வர்றேன். கேஸ் லிஃப்ட் வெச்ச சுழல் நாற்காலில உக்காந்து எந்திரிக்கும்போது சின்னதா ஒரு மின்காந்த அதிர்வு கிளம்பும், ஷீல்டிங் சரியில்லாத வீடியோ கேபிள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கும், லிங்க் அறும். நான் கதை விடல, டிஸ்ப்ளேலிங்க் கம்பெனி தன்னோட சப்போர்ட் பக்கத்துலயே இதை எழுதி வெச்சிருக்கு. நல்ல கேபிளா இருந்து வேகத்துல கொஞ்சம் இடைவெளியும் இருந்தா இந்த அதிர்வெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. விளிம்புல நின்னுட்டு இருக்குற கேபிள்தான் நாற்காலி அசைஞ்சாலும் விழும், ஃபேன் சுவிட்சு போட்டாலும் விழும். அதனாலதான் சொன்னேன், உங்க மத்த எல்லாத் தகவலையும் விட அந்த வரி நேரா கேபிளைக் கை காட்டுது.

மத்த சந்தேக நபர்களையும் உங்க கதையை வெச்சே விடுவிச்சிடலாம். விண்டோஸை ரெண்டு தடவை புதுசா போட்டும் வருதுன்னா சாஃப்ட்வேர் காரணம் பெருமளவு கழிஞ்சு போச்சு. எஸ்எம்பிஎஸ் பத்தலன்னா லோடு ஏறும்போதுதான் காட்டும், அதுவும் மினுங்கறதா காட்டாது, பிசி பட்டுன்னு ஆஃப் ஆகும் இல்லன்னா ரீஸ்டார்ட் ஆகும், இல்ல ஸ்கிரீன் போயி ஃபேன் உச்ச ஸ்பீடுல கத்தும், நீங்களா பட்டனை அமுக்குற வரைக்கும் திரும்பி வராது. உங்களுக்கு சும்மா டெஸ்க்டாப்புலயும் அதே அளவுக்கு வருது, தானாவே திரும்பியும் வருது. இன்னொண்ணு கவனிங்க, கருப்பாகும்போது ஹெட்போன்ல பாட்டு நிக்காம ஓடுதா, விண்டோஸ் ஏதோ டிவைஸ் கழண்டு மாட்டின மாதிரி டிங் டாங்குன்னு சத்தம் குடுக்குதா? அப்படின்னா கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல, மானிட்டரைத்தான் தொலைச்சுட்டுத் தேடுது. மானிட்டர் வழியா சத்தம் கேக்குறவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவங்களுக்கு சத்தமும் அதே கேபிள்லதான் வருது.

நிரூபிக்கறதுக்கு பைசா செலவில்ல. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 165ஐ 120க்கு இறக்குங்க, அப்புறம் 60க்கு இறக்குங்க, கலர் 10 பிட்ல இருந்தா 8 பிட்டுக்கு மாத்துங்க. மானிட்டர் மெனுவுல டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷனை 1.4லேர்ந்து 1.2க்கு மாத்துற ஆப்ஷன் இருந்தா அதையும் போட்டுப் பாருங்க, லிங்க் வேகமே இறங்கிடும். இறக்கினதும் ஒரு நாள் முழுக்க நின்னு போச்சுன்னா கேபிள்தான், தொண்ணூறு சதவீதம்னு எல்லாம் கணக்கு சொல்ல மாட்டேன், ஆனா நான் முதல்ல காசு போடுற இடம் அதுதான்.

கேபிள் வாங்கும்போது பெட்டி மேல "8கே"ன்னு பெருசா அச்சடிச்சிருக்கறதை நம்பாதீங்க, யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, அந்தத் தரத்தை வகுக்குற வெசா அமைப்போட சான்றிதழ் வாங்கின கேபிளான்னு பாருங்க, எச்டிஎம்ஐன்னா 18 கிகாபிட்டுக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு, 48 கிகாபிட்டுக்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு, ரெண்டுக்குமே பெட்டில போன்ல ஸ்கேன் பண்ணிச் சரிபாக்குற லேபிள் இருக்கும். நீளம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, 2 மீட்டருக்குள்ள முடிச்சுக்கோங்க, மேஜைக்குக் கீழ சுத்தி வர 5 மீட்டர் வாங்கறது, நடுவுல ஒரு ஜாயிண்ட்டரை வெச்சு ரெண்டு கேபிளை இணைக்கறது, இதெல்லாம் 60 ஹெர்ட்ஸ் காலத்தோட போகட்டும். தங்கமுலாம் பூசினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

டிஸ்ப்ளேபோர்ட்ல இன்னொரு வினோதம் உண்டு, 20வது பின். அது 3.3 வோல்ட் பவர் பின், சாதாரண கேபிள்ல அதை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இணைக்கவே கூடாதுன்னு விதி, சில மட்டமான கேபிள்ல இணைச்சு வெச்சிருப்பான். அப்போ மானிட்டர்லேர்ந்து கரண்ட், இந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வழியாவே கார்டுக்குள்ள தலைகீழா ஏறும், பிசியை ஆஃப் பண்ணினாலும் உள்ள ஏதோ ஒரு லைட் மங்கலா எரியும், சில சமயம் ஆன் ஆகவே அடம் பிடிக்கும். அப்படி ஒரு கேபிள் கையில இருந்தா யாருக்கும் குடுக்காதீங்க, வெட்டிப் போட்டுடுங்க.

எனக்கு இது எப்படித் தெரியும்னா நானும் ஏமாந்தவன்தான். சில வருஷம் முன்னாடி இதே மாதிரி கருப்பு கருப்பா வருதுன்னு புது கார்டை சண்டை போட்டுத் திருப்பிக் குடுத்து, வேற கார்டு வாங்கி மாட்டினேன், பத்தே நிமிஷத்துல அதுவும் கருப்பாச்சு. ரெண்டு கார்டும் ஃபால்ட்டா இருக்க முடியாதேன்னு அப்பதான் உறைச்சுது. மானிட்டர் பெட்டிக்குள்ள பிரிக்காம கிடந்த கேபிளை எடுத்துச் சொருகினேன், அதோட சரி. அந்த முதல் கார்டு பாவம், ஒரு தப்பும் பண்ணாம போச்சு.

கேபிள் மாத்தியும் நிக்கலன்னா கார்டுல வேற போர்ட்டுக்கு மாத்துங்க, டிஸ்ப்ளேபோர்ட்லேர்ந்து எச்டிஎம்ஐக்கும் மாத்திப் பாருங்க. ஆனா எச்டிஎம்ஐ 2.0ல கைக்கு வர்றது 14.4 கிகாபிட்தான், உங்க மானிட்டர் எச்டிஎம்ஐ பக்கம் 2.0ன்னா 1440பிக்கு 144 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் காட்டும், 165 காணோமேன்னு பதறாதீங்க. நடுவுல கன்வர்ட்டர் ஏதாவது இருந்தா, விஜிஏ மானிட்டருக்கோ டிவிஐ மானிட்டருக்கோ மாத்துற சின்ன டப்பா, முதல் சந்தேகம் அது மேலதான். இப்ப வர்ற கார்டுல அனலாக் சிக்னலே கிடையாது, விஜிஏவுக்குப் போகணும்னா அந்த டப்பாதான் எல்லா வேலையும் செய்யணும், சூடானா அதுவும் தள்ளாடும். அப்புறம் ஒரு வெக்கக்கேடான சோதனை, கேபிள் உண்மையிலேயே கார்டுலதான் சொருகியிருக்கா, மதர்போர்டு போர்ட்டுல இல்லையேன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துடுங்க. எல்லாருமே ஒரு தடவையாவது பண்ணியிருப்போம்.

இது வரைக்கும் உங்களுக்கு. தலைப்பைப் பாத்துட்டு வேற மாதிரி மினுங்கலோட வர்றவங்களுக்காக மத்ததையும் எழுதிடறேன்.

கேம்ல ஒண்ணும் வரல, சும்மா டெஸ்க்டாப்புல இருக்கும்போதுதான் சட்டுனு ஒரு வெட்டு வெட்டுதுன்னா அது பெரும்பாலும் கார்டோட மெமரி கிளாக் விவகாரம். வேலை இல்லாதப்போ கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க மெமரி வேகத்தைக் குறைக்கும், ஒரு விண்டோவை இழுத்தா திரும்ப ஏத்தும். இந்த மாத்தத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல இருக்குற அந்த மிகக் குட்டி இடைவெளில முடிச்சாகணும். அதிக ஹெர்ட்ஸ்ல, அதுவும் ரெண்டு மானிட்டர் ஒண்ணு 165 ஒண்ணு 60ன்னு இருக்கும்போது, ரெண்டுக்கும் பொதுவா அந்த இடைவெளி அமையவே அமையாது. சில டிரைவர் அதனாலதான் மெமரியை இறக்கவே விடாம எப்பவும் உச்சத்துலயே வெச்சிருக்கும், கார்டு சும்மா இருந்தாலும் சூடா இருக்கேன்னு புலம்புறவங்க கதை அது. இறக்கி ஏத்துற டிரைவர்ல அந்த மாத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சிடும். கண்டுபிடிக்கறது சுலபம், பின்னாடி ஏதாவது கனமான ஒண்ணை ஓட விட்டு மெமரி கிளாக்கை உச்சத்துல நிறுத்துங்க, மினுங்கல் நின்னா இதேதான். 144க்குப் பதிலா 120 போட்டாலே நிறைய பேருக்குத் தீந்துடும். கஸ்டம் ரெசல்யூஷன், மானிட்டர் ஓவர்கிளாக்குன்னு (விதிச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது) ஏதாவது பண்ணி வெச்சிருந்தா முதல்ல அதை எடுங்க, ஹெர்ட்ஸைக் கூட்டறதுக்காக அந்த இடைவெளியைத்தான் நாம கடிச்சுத் தின்னிருப்போம்.

படம் போகல, வெளிச்சம் மட்டும் படபடன்னு துடிக்குது, அதுவும் கேம் லோடிங் ஸ்கிரீன்ல, மெனுவுல, இருட்டான காட்சில அதிகமா வருதுன்னா அது ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் பக்கம். புது கார்டு இதை முதல் தடவையா ஆன் பண்ணியிருக்கும். மானிட்டரோட ஹெர்ட்ஸ் கேமோட எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கற கணக்கு) கூடவே ஏறி இறங்கும், விஏங்கற எல்சிடி வகை பேனல்லயும் ஓஎல்இடிலயும் ஹெர்ட்ஸ் மாறினா அடர் சாம்பல் நிறங்களோட வெளிச்சம் லேசா மாறும். எஃப்பிஎஸ் நிதானமா மாறினா கண்ணு கண்டுக்காது, 40க்கும் 140க்கும் நடுவுல குதிச்சா துடிப்பாத் தெரியும். நிறைய மானிட்டர் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழ போனா ஒரே ஃப்ரேமை ரெண்டு தடவை காட்டி ஹெர்ட்ஸை இரட்டிப்பாக்கிக்கும், அந்த எல்லையில முன்னும் பின்னும் ஊசலாடும்போதுதான் ரொம்ப மோசம். இதுக்கு கார்டை மாத்தினாலும் மாறாது, மானிட்டரோட குணம் அது. எஃப்பிஎஸ்ஸை நிலையா எடுக்க முடியுற ஒரு அளவுக்கு மேல போகாம கட்டிப் போடுங்க, விண்டோ மோடுல ஜி-சிங்க் வேண்டாம், ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும்னு வைங்க, அதுக்கும் அடங்கலன்னா அந்த ஒரு கேமுக்கு மட்டும் அணைச்சிடுங்க. மானிட்டர்ல டைனமிக் கான்ட்ராஸ்ட்டுன்னு ஒண்ணு ஆன்ல இருந்தா அதையும் அணைங்க, அது எந்தக் காலத்துலயும் யாருக்கும் நல்லது பண்ணினதா நான் பாக்கல.

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அழுத்தமா காட்டுற வசதி) உள்ள மானிட்டர்ல கேம் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு தடவை கருப்பாயி வர்றது சகஜம், அது கோளாறு இல்ல.

பிரவுசர்ல வீடியோ ஓடும்போது மட்டும், இல்ல விண்டோவை இழுக்கும்போது மட்டும் மினுங்கினா சாஃப்ட்வேர். பிரவுசர் செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைச்சுப் பாருங்க. அதுக்கு நின்னா பல சமயம் உண்மையான குற்றவாளி விண்டோஸோட மல்டி பிளேன் ஓவர்லே, சுருக்கமா எம்பிஓ. வீடியோவையும் டெஸ்க்டாப்பையும் தனித்தனி அடுக்கா கார்டு கிட்ட குடுத்து அதையே சேக்கச் சொல்ற ஏற்பாடு, நல்ல யோசனைதான், ஆனா சில டிரைவர் கூட ஒத்துப் போகாம மினுங்க விட்டிருக்கு, கார்டு சிப் செய்யுற என்விடியாவே தன்னோட சப்போர்ட் பக்கத்துல இதை அணைக்குற ரெஜிஸ்ட்ரி ஃபைலையும் திரும்ப ஆன் பண்ணுற ஃபைலையும் குடுத்துச்சு. கையால ரெஜிஸ்ட்ரில கை வைக்கறதை விட அந்த ஃபைலை எடுத்துக்கறது உத்தமம்.

டிரைவர் விஷயத்துல ஒரே ஒரு தடவை ஒழுங்கா பண்ணுங்க, பத்து தடவை அரைகுறையா வேண்டாம். ஒரு கம்பெனி கார்டுலேர்ந்து இன்னொரு கம்பெனி கார்டுக்கு மாறினவங்க இதைக் கண்டிப்பா செய்யணும். புது டிரைவரை முதல்லயே டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க, இன்டர்நெட்டைத் துண்டிங்க, சேஃப் மோடுல போயி டிடியூன்னு கூப்பிடுற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட விட்டு பழைய டிரைவரைத் துடைச்சு எடுங்க, ரீஸ்டார்ட் ஆனதும் கையில இருக்குறதைப் போடுங்க, அப்புறமா நெட்டை மாட்டுங்க. நெட்டைத் துண்டிக்கலன்னா நீங்க துடைச்சு முடிக்கறதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு பழைய டிரைவரைக் கொண்டு வந்து உக்கார வெச்சிடும். ரொம்பப் புதுசா வந்த கார்டுன்னா டிரைவர் மேலயே சந்தேகப்படுறதும் நியாயம்தான், 2025 ஆரம்பத்துல ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தப்போ கருப்பு ஸ்கிரீன் புகாருக்காக என்விடியா அடுத்தடுத்து ஹாட்ஃபிக்ஸ்னு அவசரத் திருத்த டிரைவர் விட வேண்டி வந்துச்சு.

லினக்ஸ்காரங்களுக்கு ஒரு வரி: வேலேண்டுல என்விடியா கார்டு போட்டு சில ஆப் மட்டும் பழைய ஃப்ரேமும் புது ஃப்ரேமும் மாறி மாறி மினுங்கினா டிரைவர் 555க்குக் கீழ இருக்கான்னு பாருங்க, எக்ஸ்ப்ளிசிட் சிங்க் வசதி 2024ல அந்த வரிசையோடதான் வந்துச்சு. டெஸ்க்டாப்பும் அதுக்கு ஏத்த வெர்ஷன்ல இருக்கணும்.

கேபினெட்டுக்குள்ள பாக்க வேண்டியது கொஞ்சம்தான். கார்டு ஸ்லாட்டுல முழுசா உக்காந்திருக்கா, கனமான கார்டுன்னா ஒரு பக்கம் தொங்குதா. ஸ்லாட் குடுக்கறது 75 வாட், 6 பின் கேபிள் 75, 8 பின் 150, கார்டுல ரெண்டு 8 பின் இருந்தா ஒரே கேபிளோட கிளையை மடக்கி ரெண்டுலயும் சொருகாம எஸ்எம்பிஎஸ்லேர்ந்து ரெண்டு தனிக் கேபிளா கொண்டு வாங்க. புது 16 பின் கனெக்டர்னா கடைசி வரைக்கும் அழுத்திச் சொருகுங்க, இடைவெளி தெரியவே கூடாது, சொருகின இடத்துலயே வெடுக்குனு மடக்காதீங்க, அரைகுறையா சொருகினா மினுங்கறது இல்ல, உருகவே கூடும். கார்டை நிக்க வெக்க ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்குற நீட்டிப்புக் கேபிள்) போட்டிருக்கறவங்க அதை எடுத்துட்டு நேரா ஸ்லாட்டுல மாட்டிப் பாருங்க. பழைய ரைசர் பிசிஐ எக்ஸ்பிரஸ் (அந்த ஸ்லாட் பேசுற தரம்) 3.0க்கு செஞ்சது, புது கார்டு 4.0ல இரட்டை வேகத்துல பேசும், இதுவும் மேல சொன்ன கேபிள் கதையேதான், இடம் மட்டும்தான் வேற. எடுக்க முடியலன்னா பயாஸ்ல அந்த ஸ்லாட்டை ஜென் 3ன்னு, அதாவது 3.0ன்னு வெச்சுடுங்க, கேம்ல வித்தியாசம் பெருசா தெரியாது.

அப்போ கார்டே ஃபால்ட்டா இருக்காதான்னா, இருக்கலாம், ஆனா அது வேற முகத்தோட வரும். கட்டம் கட்டமா கலர் சிதறல், கேம்ல உருவங்கள் முக்கோணமா இழுத்துட்டுப் போறது, ஸ்கிரீன்ஷாட்டுலயும் பதியற புள்ளிகள், பயாஸ்லயே தெரியற கோடு. ஓசிசிடிங்கற சோதனை ப்ரோக்ராம்ல கார்டோட மெமரிக்கு ஒரு சோதனை இருக்கு, அரை மணி நேரம் விடுங்க, ஒரு தப்பு காட்டினாலும் அது தப்புதான். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிஞ்சு வைக்குற ஈவென்ட் வியூவர்ல 4101ன்னு வரிசையா பதிவு இருந்தா டிரைவர் பதில் சொல்லாம விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்குன்னு அர்த்தம், கார்டு ரெண்டு செகண்டு பேசலன்னா விண்டோஸ் அப்படிப் பண்ணும். இதுவும் ஒரு நொடி கருப்பாத்தான் தெரியும், கேபிள் கருப்போட குழப்பிக்காதீங்க, கேபிள்ல லிங்க் அறுந்ததுக்கு இந்தப் பதிவு விழாது. ஃபேக்டரில ஓவர்கிளாக் பண்ணி வந்த கார்டுன்னா கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்க, நின்னா அதோட வாழப் பழகாதீங்க, வாரண்டில குடுத்து மாத்துங்க, முழுக் காசு குடுத்து வாங்கினதை ஏன் இறக்கி ஓட்டணும். ரேம்ல எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்துல ஓட்டுற பயாஸ் செட்டிங்) போட்டிருந்தா சோதனை முடியுற வரைக்கும் அதை அணைச்சு வைங்க, ரேம் உளறினாலும் பழி கார்டு மேலதான் விழும்.

எந்தச் சோதனை பண்ணினாலும் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. கேபிளையும் மாத்தி டிரைவரையும் மாத்தி ஹெர்ட்ஸையும் இறக்கிட்டா நின்னு போகும், எதனால நின்னுச்சுன்னு தெரியாது, அடுத்த மாசம் திரும்ப வரும்போது முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

உங்களுக்கு இப்போதைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கார்டைத் திருப்பிக் குடுக்காதீங்க, எஸ்எம்பிஎஸ் வாங்காதீங்க, இன்னைக்கு ராத்திரி 60 ஹெர்ட்ஸ்ல வெச்சு வழக்கமா பண்ணுற எல்லா வேலையும் பண்ணுங்க, நடுநடுவுல அந்த நாற்காலிலேர்ந்து பத்து தடவை எந்திரிச்சு உக்காருங்க. ஒரு தடவை கூட கருப்பாகலன்னா நாளைக்குப் போயி புது கேபிள் வாங்கி மாட்டி, 165ல வெச்சு திரும்பப் பத்து தடவை உக்காந்து எந்திரிங்க. 60லயும் வருதுன்னா ஈவென்ட் வியூவரைத் திறந்து கருப்பான அந்த நிமிஷத்துல 4101 விழுந்திருக்கான்னு பாத்து, அதை எனக்கு எழுதுங்க.